ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறவர் முதலில் இரண்டாவது டிஸ்கை யோசிக்கட்டும்

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் அப்பத்தா பாடிய பதினான்கு பாட்டுகளை 2016-ல் பதிவு செய்தேன். தாலாட்டு, நடவுப் பாட்டு, தன் தம்பி இறந்தபோது அவரே கட்டிப் பாடிய ஒப்பாரி. எல்லாவற்றையும் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்கில் போட்டு பீரோவில் பத்திரமாக வைத்தேன். 2019-ல் ஒருநாள் கணினியில் இணைத்தபோது உள்ளே டிக், டிக் என்று அடித்துக்கொண்டது. டிஸ்கின் பெயர்கூடத் திரையில் வரவில்லை. வாரண்டி இருந்ததால் சில வாரங்களில் மாற்று டிஸ்க் வந்துசேர்ந்தது. பாட்டுகள் வரவில்லை. அப்பத்தாவும் அதற்கு முந்திய ஆண்டே போய்விட்டார். திருமங்கலத்தில் இருக்கும் அத்தை மகள் ஐந்து பாட்டுகளைப் பென்டிரைவில் எடுத்துப் போயிருந்தாள். அந்த ஐந்துதான் இன்று எங்களிடம் இருக்கின்றன.

அதனால் "எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது?" என்று யாராவது கேட்டால், "எத்தனை வீட்டில் வைக்கப் போகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். முதன்முறையாக டிஸ்கோ, வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டியோ வாங்க நினைப்பவர்களுக்காக, நான் கடைப்பிடிக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: எவ்வளவு இடம் வேண்டும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள எல்லாப் போன்களையும் எடுத்து, படமும் வீடியோவும் எத்தனை ஜிபி என்று பார்த்துக் கூட்டுங்கள். மடிக்கணினியில் கிடப்பதையும் பழைய கல்யாண டிவிடிகளையும் சேருங்கள். வருவதை மூன்றால் பெருக்கினால் நான்கைந்து ஆண்டுகளுக்குத் தாங்கும். வீடியோதான் இடத்தை விழுங்கும். 4கே தரத்தில் எடுத்த ஒரு நிமிடம், போனின் அமைப்பைப் பொறுத்து, 170 முதல் 400 எம்பி வரை பிடிக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதை அரை மணி நேரம் எடுத்தால் 5 முதல் 12 ஜிபி போய்விடும்.

வாங்கிவந்த 1 டிபி டிஸ்க் கணினியில் 931 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம். டிஸ்க் செய்பவர்கள் ஒரு டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. படியால் அளந்த நெல்லை மரக்காலால் அளந்தால் எண்ணிக்கை மாறுகிறது, நெல் குறைவதில்லை. 4 டிபி டிஸ்க் 3.63 என்று காட்டும்.

படி 2: டிஸ்கா, பெட்டியா

ஒரு மடிக்கணினி, இரண்டு போன் மட்டும் உள்ள குடும்பத்துக்கு நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி தேவையில்லை. கையடக்கமான 2.5 அங்குல எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு போதும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் பெட்டிக்கு எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு இரண்டாவது நகலுக்குப் பணம் இல்லாமல் நிற்கிறார்கள்.

வீட்டில் நான்கைந்து பேர், எல்லோருடைய போன் படங்களும் தானாகவே ஓரிடத்துக்கு வந்து சேர வேண்டும், டிவியிலும் பார்க்க வேண்டும் என்றால் பெட்டி உதவும். கல்யாணம், காதுகுத்து என்று வாரம் இரண்டு விசேஷம் எடுக்கும் புகைப்படக் கலைஞருக்கு அது அவசியமே. பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தால், ஓப்பன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் போன்ற இலவச மென்பொருளை அதில் நிறுவிப் பெட்டியாக மாற்றலாம். ஆனால் கோளாறு வந்தால் நீங்களேதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு மனமும் நேரமும் இருப்பவர்கள் மட்டும் இறங்குங்கள்.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டே இல்லாமல் சிப்புகளில் தரவை வைக்கும் சாதனம், வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். விழுந்தாலும் தாங்கும், வேகம் அதிகம்; அன்றாட வேலைக்கு மிக நல்லது. ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை கூடுதல். தவிர, ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் பூட்டி வைத்தால் அதிலுள்ள தரவு மெல்லக் கரையக்கூடும். நீண்டகாலச் சேமிப்புக்கு நான் சுழலும் டிஸ்கையே நம்புகிறேன்.

படி 3: ஓட்டுக்கூரைக் கணக்கு

பெட்டிக்குள் போடும் டிஸ்க் என்றால் இரண்டு சுருக்கப் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: சிஎம்ஆர், எஸ்எம்ஆர். டிஸ்கின் தட்டில் தரவு வட்டவட்டத் தடங்களாக எழுதப்படுகிறது. சிஎம்ஆர் வகையில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் வகையில் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கும், நம் ஊர் ஓட்டுக்கூரையைப் போல. இடம் மிச்சமாகும். ஆனால் கூரையில் ஓர் ஓடு மாற்ற அதன்மேல் படிந்த வரிசையையும் எடுத்து அடுக்க வேண்டுமல்லவா? அப்படித்தான் இதிலும்: பழைய தரவை மாற்றி எழுதும்போது பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும், வேகம் விழுந்துவிடும்.

எப்போதாவது நகல் எடுத்து வைக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் இது பெரிய குறையில்லை. 2.5 அங்குல டிஸ்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான். பெட்டியிலோ கதை வேறு. ஒரு டிஸ்க் போய், புதிய டிஸ்கில் எல்லாவற்றையும் திரும்ப எழுதும் நேரத்தில் எஸ்எம்ஆர் திணறும், சில சமயம் வேலை பாதியில் நின்றுவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸ் பெட்டிக்கென்றே விற்ற ரெட் வரிசையில், 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வாங்கியவர்கள் தங்கள் பெட்டி ஏன் திணறுகிறது என்று தோண்டித் துருவியதால் வெளிவந்த உண்மை அது. அதன்பின் அந்நிறுவனம் எது எந்த வகை என்று வெளியிட்டது; சிஎம்ஆர் டிஸ்குகளை ரெட் பிளஸ் என்ற பெயரில் பிரித்தது. இன்று பெட்டிக்கு வாங்குவதாக இருந்தால் ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப், தோஷிபா என்300 மூன்றும் சிஎம்ஆர்; மூன்றுக்கும் மூன்றாண்டு வாரண்டி. எது கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

படி 4: பிறர் கருத்துகளைப் படிக்கும் முறை

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆகவே சற்று நின்று பேசுவோம்.

டிஸ்குகளைத் தயாரிப்பவர்கள் உலகத்தில் இன்று மூன்றே நிறுவனங்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங்கின் டிஸ்க் தொழிலை 2011-ல் சீகேட் வாங்கியது. ஹிட்டாச்சியின் தொழில் 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது. "எங்கள் மாமா வீட்டில் அந்தக் கம்பெனி டிஸ்க் போய்விட்டது, அதைத் தொடாதே" என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெயரைத் தள்ளினால், தள்ளாத பெயர் ஒன்றும் மிஞ்சாது.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பிறருடைய தரவைக் காத்துத் தருவதைத் தொழிலாக நடத்துகிறது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகள் அவர்களிடம் ஓடுகின்றன. எந்த மாடல் எத்தனை செத்தது என்பதை 2013 முதல் வெளியிட்டு வருகிறார்கள். எல்லா மாடல்களையும் சேர்த்து, ஆண்டில் பழுதானவை 2023-ல் 1.70 சதவீதம், 2024-ல் 1.57 சதவீதம். குளிரூட்டிய கட்டடத்தில், அசையாமல், சீரான மின்சாரத்தில் ஓடும்போதே இந்தக் கணக்கு. நூறு வீட்டில் ஒன்றிரண்டு வீட்டுக்கு ஆண்டுதோறும் இழப்பு வரும். அந்த வீட்டார் அதை எல்லாக் கல்யாணப் பந்தியிலும் சொல்வார்கள். மீதி வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள், சொல்ல ஒன்றும் இல்லாததால். வாங்கியவர் கருத்துகளும் அப்படித்தான் சேர்கின்றன.

அதே கணக்கில் இன்னொரு பாடமும் உண்டு. 2011-ல் வந்த சீகேட்டின் ஒரு 3 டிபி மாடல் அங்கே கொத்துக் கொத்தாகப் பழுதானது. 2016-ல் அமெரிக்காவில் அதை வாங்கியவர்கள் வழக்கும் தொடுத்தார்கள். அதே சீகேட்டின் 4 டிபி டிஸ்குகள் அவர்களிடம் நன்றாகவே ஓடின. ஆகவே கம்பெனிப் பெயரை விட்டு மாடல் எண்ணைத் தேடுங்கள்.

விற்பனைத் தளங்களில் ஐந்து நட்சத்திரக் கருத்துகளைப் பாருங்கள். பெரும்பாலும் வாங்கிய முதல் வாரத்தில் எழுதியவை: "வேகம் அருமை, அழகாக இருக்கிறது." ஆறு ஆண்டு உழைக்க வேண்டிய பொருளைப் பற்றி ஆறாம் நாள் எழுதியது உங்களுக்கு எதையும் சொல்லாது. ஒரு நட்சத்திரக் கருத்துகளிலும் பாதி, உறை கிழிந்து வந்தது, 931 ஜிபிதான் இருக்கிறது என்ற புகார்கள். அளவுப் புகாரை ஒதுக்கிவிடுங்கள். உறைப் புகாரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே விற்பனையாளர் பற்றித் திரும்பத் திரும்ப வந்தால், அவர் டிஸ்கை மெல்லிய உறையில் போட்டு அனுப்புகிறார் என்று பொருள். 1 டிபிக்கும் 5 டிபிக்கும் எழுதிய கருத்துகளை ஒரே பக்கத்தில் கலந்து காட்டும் வழக்கமும் உண்டு. எந்த அளவுக்கு எழுதியது என்பதைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

நான் தேடுவது வேறு: "இரண்டு ஆண்டுக்குப் பின்" என்று திரும்பி வந்து எழுதியவர், வாரண்டியில் அனுப்பி மாற்றியவர், எத்தனை நாள் ஆயிற்று, புதியது வந்ததா பழுதுபார்த்தது வந்ததா என்று சொல்பவர், வெயில் காலத்தில் சூடு எத்தனை டிகிரி என்று எண்ணோடு எழுதுபவர், படுக்கையறையில் சத்தம் கேட்கிறது என்று சொல்பவர். நட்சத்திரம் எத்தனையாக இருந்தாலும் சரி, இப்படிப்பட்ட ஐந்தாறு கருத்துகள் ஐந்நூறு நட்சத்திரங்களைவிட எனக்கு உதவியிருக்கின்றன.

படி 5: கடையில்

மதுரை டவுன் ஹால் ரோட்டிலோ உங்கள் பகுதிக் கணினிக் கடையிலோ கேட்டுப் பாருங்கள். இணையத்தைவிடச் சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தால் நான் கடையிலேயே வாங்குவேன். டிஸ்கைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், கூரியர் மூட்டையில் உருண்டு வராது. பேச வேண்டியது மூன்று விஷயங்கள்தான். ஜிஎஸ்டி பில்லில் டிஸ்கின் சீரியல் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டிக்கு மதுரையிலேயே ஒப்படைக்க முடியுமா, கூரியரில் அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், கடையில் நின்றபடியே, தயாரிப்பாளரின் இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி எந்தத் தேதிவரை, எந்த நாட்டுக்கு என்று பாருங்கள். வெளிநாட்டுச் சந்தைக்கு ஒதுக்கியவை, கணினி நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்தவை இங்கே விலை குறைவாக வந்து சேர்வதுண்டு. அவற்றுக்கு வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

வாரண்டி என்பது டிஸ்குக்கு மட்டும். உள்ளே இருப்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. பழுதான டிஸ்கிலிருந்து தரவை மீட்டுத் தரும் ஆய்வகங்கள் இருக்கின்றன. கட்டணம் டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு, மீளும் என்ற உறுதியும் இல்லை.

படி 6: முதல் வாரச் சோதனை

வாங்கிய உடனே குடும்பப் படங்களை நகர்த்தாதீர்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கைத் திறந்து பாருங்கள். ஓடிய மணி நேரம் பூஜ்யமோ அதற்கு அருகிலோ இருக்க வேண்டும். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் மூல எண்ணும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இவை கெட்டுப்போன பகுதிகளின் கணக்கு. பிற்காலத்திலும் இந்த மூன்றும் ஏறத் தொடங்கினால் அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

2025 ஜனவரியில் ஜெர்மனியில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்குகளின் மணிக்கணக்கை அழித்துப் புதியவை என்று விற்றது அம்பலமானது. சீகேட் டிஸ்குகளில் ஓடிய நேரத்தைத் தனியே குறித்துவைக்கும் ஃபார்ம் என்ற பதிவும் உண்டு. அழித்தவர்கள் அதைத் தொடாமல் விட்டதால்தான் சிக்கினார்கள். ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவியால் அதைப் படிக்கலாம். விலை கண்ணைக் கவரும்படி குறைவாக இருந்தால் இந்தச் சோதனையையும் செய்யுங்கள்.

பிறகு டிஸ்க் முழுவதையும் ஒருமுறை எழுதிப் படித்துப் பாருங்கள். விண்டோஸில் "விரைவு" என்ற குறியை நீக்கிவிட்டு ஃபார்மட் செய்தாலே பெரிய அளவில் சோதனை ஆகிவிடும். 4 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடுங்கள்.

படி 7: பெட்டியை மாட்டுதல்

இரண்டு டிஸ்க் போடும் பெட்டியே வீட்டுக்கு ஏற்றது. இரண்டிலும் ஒரே தரவை எழுதும் முறைக்கு ரெய்டு 1 என்று பெயர். ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காது. ஆனால் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் போகும். திருடன் பெட்டியோடு எடுத்துப் போவான். ஆகவே ரெய்டு இருப்பதால் நகல் இருப்பதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். நான் இரண்டு டிஸ்கையும் வெவ்வேறு கம்பெனியில் வாங்குகிறேன், ஒரே பட்டறையில் ஒரே நாளில் பிறந்த இரண்டும் ஒரே சமயத்தில் சாகாதிருக்கட்டும் என்று.

பெட்டி வாங்கும் முன் எந்த டிஸ்குகளை ஏற்கும் என்று பாருங்கள். இத்தகைய பெட்டிகளைச் செய்யும் சைனாலஜி நிறுவனம் தன் 2025-ஆம் ஆண்டு பிளஸ் மாடல்களில் தன் பெயருள்ள டிஸ்குகளையே வற்புறுத்தியது. வாங்கியவர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு அக்டோபரில் இறங்கி வந்தது.

ரவுட்டருக்கும் பெட்டிக்கும் இடையே லேன் கேபிள் போடுங்கள். ரவுட்டரின் துளை 100 எம்பிபிஎஸ் மட்டும் தருவதாக இருந்தால் 1 டிபியை நகர்த்த ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) துளையென்றால் இரண்டரை மணி நேரம்.

வைக்கும் இடம் முக்கியம். சித்திரை வெயிலில் மதுரையில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. மொட்டைமாடி அறையும், தகரக் கூரைக்குக் கீழான பரணும், மூடிய பீரோவும் கூடாது. வீட்டிலேயே குளிர்ந்த அறையில், தரையிலிருந்து சற்று உயரத்தில், நான்கு பக்கமும் காற்றுப் போகும்படி வையுங்கள். டிஸ்கின் சூடு 45 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை தூசி தட்டும்போது சிற்றெறும்பு குடியேறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மின்செலவுக்கு அஞ்ச வேண்டாம். 20 வாட் எடுக்கும் பெட்டி நாள் முழுவதும் ஓடினாலும் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 29 யூனிட்தான். அஞ்ச வேண்டியது மின்சாரம் திடீரென்று போவதற்கு. பராமரிப்பு மின்தடை என்றால் செய்தித்தாளில் முன்பே வரும். கோடை மழையின் இடிக்கு அறிவிப்பு இல்லை. இன்வெர்ட்டர் இருந்தால் அதை யுபிஎஸ் நிலைக்கு மாற்றுங்கள், அப்போதுதான் மாறும் நொடியில் பெட்டி அணையாது. யுஎஸ்பி இணைப்புள்ள சிறிய யுபிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்கினால் இன்னும் நல்லது: மின்சாரம் நெடுநேரம் வராவிட்டால் பெட்டி தன்னைத்தானே ஒழுங்காக அணைத்துக்கொள்ளும்.

படி 8: வெளியுலகத்துக்குக் கதவைத் திறக்காதீர்கள்

வெளியூரிலிருந்தும் படம் பார்க்கலாம் என்று பெட்டியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். 2021 ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பழைய பெட்டி வைத்திருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தபோது எல்லாம் அழிந்திருந்தது. அந்தப் பெட்டிக்கு 2015-க்குப் பின் மென்பொருள் புதுப்பிப்பே வரவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் க்யூநாப் நிறுவனத்தின் பெட்டிகளுக்குள் புகுந்தவர்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறப்பதையும், அதைத் தானாகவே திறந்துவிடும் யுபிஎன்பி வசதியையும் நிறுத்துங்கள். நிர்வாகிப் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், இரண்டு கட்ட உறுதிப்பாட்டை வையுங்கள். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் (பிறர் நுழைய முடியாத தனிப்பாதை) வழியாக வாருங்கள்.

படி 9: வேறு வீட்டில் ஒரு நகல்

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். நம்மவர்களுக்கு இது புதிதில்லை. ஓலைச்சுவடி ஒரு வீட்டில் செல்லரித்துப்போனால், எப்போதோ யாரோ படியெடுத்துப் போன இன்னோர் ஊரிலிருந்து கிடைத்தது. படியெடுக்காதவை போயே போய்விட்டன.

பெட்டியில் இருப்பவற்றை இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்குகளில் நகலெடுங்கள். ஒவ்வொன்றின்மேலும் தேதியை எழுதி ஒட்டுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், மற்றது வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில். பிறர் கையில் இருப்பதால் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் கொண்டு கடவுச்சொல் போடலாம். அந்தக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள், உங்களுக்குப் பிறகு பிள்ளைகள் திறக்க வேண்டுமல்லவா. ஆண்டுக்கு இரண்டு முறையாவது டிஸ்குகளை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது ஏதாவது பத்துக் கோப்புகளைத் திறந்து, படம் தெரிகிறதா, பாட்டுக் கேட்கிறதா என்று பாருங்கள். பெயர்ப் பட்டியல் தெரிவதோடு திருப்தி அடைய வேண்டாம்.

எங்கள் வீட்டில் இது சித்திரையிலும் தைப்பொங்கலிலும் நடக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அத்தை மகள் திருமங்கலத்திலிருந்து வரும்போது தன் பையில் பழைய டிஸ்கைக் கொண்டுவருகிறாள். போகும்போது புதியதை எடுத்துப் போகிறாள். கிளம்புவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து அந்த ஐந்து பாட்டில் ஒன்றைப் போட்டுக் கேட்கிறோம். அதுதான் எங்கள் சோதனைக் கோப்பு.